கண்ட தேசமெல்லாம் ஒரே இலையில்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை மிலிட்டரியில் சப்ளையில் இருந்தவர் என்றுதான் சொன்னார்கள். சப்ளை என்றால் துப்பாக்கியும் குண்டும் எடுத்துக் கொடுக்கிற வேலையாக இருக்கும் என்று என் அப்பா நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்யாணம் ஆகி வந்த பிறகுதான் தெரிந்தது, என் வீட்டுக்காரர் சண்டை நடந்த காலம் முழுக்கக் கரண்டி பிடித்திருக்கிறார் என்று. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குண்டு போட்டவரைவிடச் சோறு போட்டவர் மேல் என்றுகூடத் தோன்றியது. ஆனால் பட்டாளம் அவரை விட்ட பிறகும் அவர் கரண்டியை விடவில்லை. அங்கேதான் என் கஷ்டம் தொடங்கியது.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் நான் அந்த வீட்டுக்கு வந்தேன். கோட்டாற்றிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவில் ஓர் ஊர். மாமியார் முன்பே காலமாகிவிட்டார். மாமனார், என் வீட்டுக்காரர், நான். ஆக மூன்று பேர்தான். மாமனார் வயலைப் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்குக் கோட்டாற்றில் ஒரு மொத்தக் கடையில் சரக்குப் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தோள்பட்டை வலிக்கிறது.

நான் சிதறால் பக்கத்துக்காரி. தண்ணீரை 'வெள்ளம்' என்று சொல்லித்தான் பழக்கம். புகுந்த ஊரில் அதைக் கேட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் நான் வைக்கிற உள்ளித்தீயல் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஒருத்தியும் சிரித்ததில்லை. தேங்காயைக் கருகாமல், பச்சையும் போகாமல், அந்தப் பக்குவத்தில் வறுத்து அரைக்க எனக்குத் தெரியும். மாமனார் விரலை வழித்துச் சாப்பிடுவார். என் வீட்டுக்காரரும் சாப்பிடுவார், குறை சொல்ல மாட்டார். ஆனால் நல்லா இருக்கு என்றும் சொல்ல மாட்டார். பாதிச் சாப்பாட்டில் கை நின்றுவிடும். "பஸ்ராவுல ஒரு சோறு சாப்பிட்டேன் பாரு" என்று தொடங்குவார். என் தீயல் இலையில் ஆறிக்கொண்டிருக்கும்.

அவருடைய பட்டாளம் கப்பலேறி முதலில் பஸ்ராவுக்குப் போயிற்று. பிறகு எகிப்து, பிறகு இத்தாலி, கடைசியில் கொஞ்ச காலம் கிரேக்கம். போன இடத்தில் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் என்ன சமைக்கிறார்கள் என்று பார்ப்பதே அவருக்கு வேலை. அதையெல்லாம் நம் அடுக்களையில் செய்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை அவருடையது. அடுப்பு என்னுடையது.

எங்கள் வீடு சைவம். மாமனார் குளித்துத் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மீன் வாசனை தெருவில் வந்தாலே துவர்த்துத் துண்டால் மூக்கை மூடிக்கொள்வார். அப்படிப்பட்ட வீட்டில் இத்தாலிக்காரன் சாப்பாடு சமைக்க வேண்டும் என்றால்? என் வீட்டுக்காரர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். இறைச்சி போடுகிற இடத்தில் இடிச்சக்கை, அதாவது பலாப்பிஞ்சு. முட்டை உடைத்து ஊற்றுகிற இடத்தில் கெட்டித் தயிர். பாலாடைக்கட்டி வேண்டும் என்று ஒரு தடவை பாலைத் திரியவைத்து, துணியில் கட்டி, அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்து, அடுக்களை மூலையில் நாள் கணக்காக விட்டுவிட்டார். குழவி இல்லாமல் நான் எதில் அரைக்க? பக்கத்து வீட்டு அம்மிக்கு நடந்தேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ மாமனார் அடுக்களை வாசலில் வந்து நின்று மூக்கைச் சுளித்தார்.

"மக்களே, மச்சுல பெருச்சாளி எதும் செத்துக் கெடக்கா? ஏறிப் பாக்கச் சொல்லவா?"

"பெருச்சாளி இல்ல மாமா. ஒங்க மவன் வச்ச பால்கட்டியாக்கும்."

அவர் திரும்பிப் போனார். அன்றைக்கு முழுக்க வயலிலேயே இருந்துவிட்டார்.

அது அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். வயல்காரர்கள் என்று பெயர்தான். சர்க்கார் அளந்து எடுத்தது போக மிச்சம்தான் வீட்டுக்கு. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் பாதி நாள் கோதுமைதான், எங்கள் பேச்சில் கோதம்பு, கிடைக்கும். கோதம்பை என்ன செய்வது என்று ஊரில் ஒருத்திக்கும் தெரியாது. கஞ்சி வைத்தார்கள், வறுத்துத் தின்றார்கள், கோழிக்குப் போட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது புதையல். எனக்கு அது திரிகை. உட்கார்ந்து சுற்றிச் சுற்றி மாவாக்கி, அரிப்பில் அரித்து, தவிடு நீக்கி, பிசைந்து கொடுக்க வேண்டும். அதை அவர் உருட்டித் தட்டிக் கயிறு மாதிரி நறுக்கித் துணி காய்கிற கொடியில் தொங்கவிடுவார். மக்ரோனி என்பார். காக்கை வராமல் நான் கம்பு வைத்துக்கொண்டு காவல் இருப்பேன்.

இதில் சில சமயம் நல்லதும் வந்தது, அதை மறைக்கவில்லை. பஸ்ராச் சோறு என்று பேரீச்சம்பழமும் வெங்காயமும் நெய்யில் வதக்கிப் போட்ட ஒரு சோறு. அதைச் சாப்பிட்டுவிட்டு மாமனார், "கொள்ளாம். பாயசத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கு" என்றார். அவருக்குப் பிடித்துப்போனதே என் வீட்டுக்காரருக்கு ஏமாற்றம். பாயசம் மாதிரி இருந்தால் அது பஸ்ரா இல்லையாம். அடுத்த தடவை வேண்டுமென்றே உப்பைக் கூட்டினார். யாரும் சாப்பிடவில்லை. அப்போதுதான் அவருக்குத் திருப்தி.

எல்லாவற்றிலும் மோசம் கிரேக்கத்துச் சுருள். திராட்சை இலையில் சோற்றைப் பொதிந்து வேகவைக்கிற ஒரு பலகாரம் அது. நம் ஊரில் திராட்சைக் கொடிக்கு எங்கே போக? கொல்லையில் சேம்பு நின்றது. இலை அகலமாக, பச்சைப் பசேலென்று. அறுத்துக்கொண்டு வந்தார்.

"சேம்பிலை சொறியும். புளி கரைச்சு ஊத்தாம வேகவைக்கப்பிடாது" என்றேன்.

"புளி ஊத்தினா அது கிரீஸா? எங்கயாவது கேட்டிருக்கியா?"

"கிரீஸ்காரன் சேம்பிலை தின்னானா? அத நீங்க கேட்டியளா?"

அவர் இலையில் சோற்றைப் பொதியத் தொடங்கினார். புளி ஊற்றவில்லை. அன்றைக்குச் சாப்பிட வந்த பக்கத்து வீட்டார் இரண்டு வாய் விழுங்கினார்கள். மூன்றாவது வாய்க்குக் கை போகவில்லை. ஒருவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் நாக்கை வெளியே நீட்டித் துண்டால் துடைத்தார். நான் குடத்தோடு புளி கரைத்துக்கொண்டு ஓடினேன். எல்லாரும் கொப்பளித்துத் துப்பி முடித்த பிறகு, வெறும் வயிற்றோடு அவர்களை அனுப்ப முடியுமா? மறுபடியும் அடுப்பை மூட்டி, இருந்த அரிசியைப் போட்டு, ஒரு துவையலும் ரசமும் வைத்தேன். என் வீட்டுக்காரர் உலையைப் பார்த்தபடி, "இலை முத்தல். இளசா இருந்தா சரியா வந்திருக்கும்" என்றார்.

எது நடந்தாலும் அவர் கடைசியில் வந்து நிற்பது இத்தாலியில் ஒரு வீட்டில். ஒரு குளிர்காலத்தில் பட்டாளத்து லாரி சேற்றில் புதைந்து, அவரும் லாரி ஓட்டிய சிநேகிதரும் மலைப்பக்கம் ஓர் ஊரில் மாட்டிக்கொண்டார்களாம். ஒரு வீட்டில் கதவைத் திறந்து உள்ளே விட்டார்களாம். அவர்களிடம் இருந்தது அடுப்பு. இவர்களிடம் இருந்தது மாவு மூட்டை. சேர்த்துச் சமைத்து, ஒரு நீள மேசையில் அந்த வீட்டு ஆண்கள், பெண்கள், கூலிக்காரன், இவர்கள் இருவர் என்று எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். "அந்த வீட்டுக்காரி எனக்க பக்கத்துல இருந்தா. அவளும் சாப்பிட்டா, எனக்கும் எடுத்துப் போட்டா. ஒருத்தரும் நிக்கல்ல" என்று அவர் சொல்லும்போது கண் கலங்கும். உண்மையாகவே கலங்கும். நான் கையில் சட்டியோடு நின்றபடி அதைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை.

கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து மகள் பிறந்தாள். பேறுகாலம் முடிந்து சிதறாலிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்தேன். பால் கொடுக்கிற உடம்பு. எனக்கு எப்போதும் பசி. விடிந்ததும் பசிக்கும், சாப்பிட்டு எழுந்தால் பசிக்கும். அப்படி ஒரு பசியை அதற்கு முன்பு நான் அறிந்ததில்லை.

அந்த வருஷம் மாசி மாசத்துக் கும்பப்பூ அறுப்பு நன்றாக இருந்தது. களம் ஒதுங்கியதும் என் வீட்டுக்காரர் ஒரு பெரிய விருந்துக்குத் திட்டம் போட்டார். கண்ட தேசமெல்லாம் ஒரே இலையில். பஸ்ராச் சோறு, எகிப்து மொச்சை, கிரேக்கத்துச் சுருள், நடுநாயகமாக மக்ரோனி. சேம்பிலை வேண்டாம், முட்டைக்கோஸ் இலை வாங்கி வருகிறேன் என்று அவராகவே சொன்னார். மாமனாரின் சொந்தக்காரர்கள் நாலு பேர், அவர்களில் மூத்தவர் எனக்குப் பெரிய மாமனார் முறை. பிறகு லாரி ஓட்டிய அந்தச் சிநேகிதர். அவருக்கு இரணியலில் பலசரக்குக் கடை. அய்யா வழிக்காரர், எங்கள் சாதி இல்லை. நெற்றியில் நாமம் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லியிருந்தார் என் வீட்டுக்காரர்.

"எல்லாரும் ஒரே வரிசையிலயாக்கும் இருப்போம். யாரும் மொகம் சுளிச்சா எனக்குக் கவலையில்ல" என்றார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. சாதி பார்த்துத்தான் இலை போடுவார்கள். மாமனார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பட்டாளத்துல ஒண்ணா இருந்தவன். இருக்கட்டும்" என்றார். அந்த வகையில் என் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குப் பெருமைதான்.

விருந்தன்று விடியுமுன்பே எழுந்து திரிகையில் உட்கார்ந்தேன். மாவு, தேங்காய்ப் பால், மொச்சை, வெங்காயம். இடையிடையே தொட்டிலில் அழுகிற குழந்தை. அவளுக்குப் பால் கொடுத்தேன். நான் ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்தேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மக்ரோனிக்குத் தக்காளி வதக்கிக்கொண்டே, "உப்பு எடு, கரண்டி எடு, தீயக் கொறை" என்று பட்டாளத்தில் ஆளை ஏவுகிற மாதிரி ஏவினார். சிநேகிதரின் மனைவி வந்தவள் நேராகப் பின்கட்டுக்கு வந்து, தயங்கி வாசலில் நின்றாள். உள்ளே வரலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "உள்ள வா, இந்த வெங்காயத்த உரி" என்றேன். அவள் முகம் மலர்ந்து போயிற்று. என் வயசுதான் இருக்கும். உட்கார்ந்ததும் கேட்டாள்:

"அக்கா, ஒங்க வீட்டுலயும் அந்த இத்தாலி மேசைக் கதை உண்டுமா?"

"தெனமும் உண்டு."

"எங்க வீட்டுலயும் தெனமும் உண்டு" என்றாள். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வெங்காயமும் ஒரு காரணம்.

முன்கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். ஆண்கள் உட்கார்ந்தார்கள். மாமனார், பெரிய மாமனார், மற்ற சொந்தக்காரர்கள், சிநேகிதர், கடைசியில் என் வீட்டுக்காரர். நாங்கள் இரண்டு பேரும் எடுத்து விளம்பினோம். குனிந்து குனிந்து என் இடுப்பு விட்டுப்போயிற்று. பஸ்ராச் சோறு போயிற்று, மொச்சை போயிற்று. சுருளைப் பெரிய மாமனார் பிரித்துப் பார்த்து மூடி வைத்தார். வாசனை மூக்கில் ஏறி எனக்குக் கண் இருட்டியது. வயிறு ஒட்டிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் தொடங்கினார். லாரி, சேறு, குளிர், கதவு, நீள மேசை.

"அங்க பொம்பளைய நிக்கவிட மாட்டாவ பெரியப்பா. ஆணும் பெண்ணும் ஒண்ணா இருந்துதான் சாப்பிடுவாவ. அதாக்கும் மரியாத. நாம அவ்வளோ தூரம் போய்ப் பாத்துட்டு வந்து என்ன பிரயோசனம்? நம்ம ஊரு எப்போ திருந்தும்?" என்றார். சொல்லிவிட்டு, மூச்சுவிடாமல், என் பக்கம் திரும்பாமலே, "ஏட்டி, மக்ரோனிய இங்கோட்டுக் கொண்டா, ஆறிப்போவும்" என்றார்.

கொண்டுபோனேன். இரண்டு பேருக்குப் போட்டேன். மூன்றாவது இலைக்கு வரும்போது, "தண்ணி எங்க? பெரியப்பா இலையில உப்பு இல்ல பாரு" என்றார்.

நான் மக்ரோனி உருளியைக் கொண்டுபோய்க் கடைசி இலைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். திட்டம் போட்டு ஒன்றும் செய்யவில்லை. யாருக்கும் பாடம் சொல்லவும் இல்லை. பசித்தது. சுவரோரம் மிச்சம் இருந்த இலைகளில் ஒன்றை எடுத்து, வரிசைக் கடைசியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் விரித்து, உட்கார்ந்தேன். மக்ரோனியைக் கரண்டியால் வாரி என் இலையில் போட்டுக்கொண்டேன். வாசலில் நின்றவளைப் பார்த்து, "நீயும் வா. எவ்வளவு நேரம் நிப்ப?" என்றேன். அவள் கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சாப்பிட்டேன். புளிப்பும் உப்புமாக அது உண்மையில் நன்றாக இருந்தது. அத்தனை வருஷத்தில் சூடாக அதை நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்பெல்லாம் ஆறிப்போய்ச் சட்டியில் ஒட்டிக் கிடக்கிற மிச்சம்தான் எனக்கு.

மாமனார்தான் முதலில் பேசினார். "அப்போ மோரு யாரு விளம்புவா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு அது உண்மையான சந்தேகம்.

சிநேகிதர் எழுந்தார். "நான் விளம்புதேன் அண்ணாச்சி. பட்டாளத்துல இதுவும் செஞ்சதுதானே" என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டு மோர்ச் செம்பை எடுத்தார். பெரிய மாமனாரின் இலைக்கு நேராக வந்து குனிந்தபோது, அவர் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டார். வெளியே போய்க் கை கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினார். அவரோடு வந்த மூன்று பேரும் எழுந்து போனார்கள். சிநேகிதர் செம்போடு நின்றார். ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பொறுத்துக்கொண்ட மனுஷருக்கு, சிநேகிதர் கையால் மோர் வாங்குவதைப் பொறுக்க முடியவில்லை. மாமனார் தன் இலையைக் காட்டி, "இங்க ஊத்துப்பா" என்றார். அதற்காக இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

சிநேகிதரும் மனைவியும் போன பிறகு என் வீட்டுக்காரர் அடுக்களைக்குள் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"எனக்க விருந்தக் கெடுத்துப்போட்டியேட்டி."

"நானா கெடுத்தேன்? பெரிய மாமா எந்திரிச்சது ஒங்க சிநேகிதரு மோரு ஊத்தினதுக்கு."

"அவன் ஏன் மோரு ஊத்த எந்திரிச்சான்? நீ இருந்ததுனாலல்லா எந்திரிச்சான்?"

"ஆணும் பெண்ணும் ஒண்ணா இருந்து சாப்பிடுததாக்கும் மரியாதன்னு நீங்கதானே சொன்னிய? நான் கேட்டுக்கிட்டுதானே நின்னேன்?"

"அது அந்த ஊரு. இது இந்த ஊரு."

"அப்போ மக்ரோனி எந்த ஊரு?"

அவருக்குக் கோபம் கூடிற்று. தக்காளி வதக்கிய சட்டியைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போனார். அது உருண்டு, அடுக்களைத் தரை முழுக்கச் சிவப்பு. நான்தான் துடைத்தேன். வேறு யார் துடைப்பார்கள்?

அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவில்லை. வேண்டியதை மாமனாரிடம் சொல்வார், மாமனார் என்னிடம் சொல்வார். "மக்களே, அவனுக்கு வேட்டி வேணுமாம்" என்று பக்கத்தில் நிற்கிற எனக்கே அவர் செய்தி கொண்டுவருவார். சிரிப்பு வந்தாலும் சிரிக்க முடியாது. பெரிய மாமனார் வீட்டோடு போக்குவரத்து நின்றது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. ஊருக்குள் அது எப்படிப் பரவியது என்றால், மருமகள் ஆண்களோடு சரிக்குச் சரி உட்கார்ந்தாள், அதனால் பெரியவர் எழுந்து போனார் என்று பரவியது. மோரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சாதியைச் சொல்வதற்கு வெட்கப்பட்டார்களோ என்னவோ, பெண்பிள்ளையைச் சொல்வதற்கு வெட்கம் இல்லை. கிணற்றடியில் பேச்சு நின்றுவிடும் நான் போனால். என் அம்மாகூட சிதறாலிலிருந்து வந்து, "கொஞ்சம் பொறுத்திருந்தா என்ன மக்களே, அவங்க சாப்பிட்டு எந்திரிக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வரவில்லை. எதையாவது எடுத்துச் சுவரில் எறியலாம் போல இருந்தது. எறிந்தால் அதையும் நான்தான் பெருக்க வேண்டும்.

மாசக்கணக்கில் அந்த வீட்டில் வெளிதேசச் சமையல் இல்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். இலையில் தீயல் இருக்கும், சாப்பிடுவார், எழுந்து போவார். பஸ்ராவும் இல்லை, எகிப்தும் இல்லை. கரண்டி பிடிக்காத அவரைப் பார்க்க, கை ஒடிந்தவரைப் பார்ப்பது போல இருந்தது. அவர் மேல் கோபமும் தீரவில்லை, அவரை அப்படிப் பார்க்கவும் முடியவில்லை. இப்படி ஒரு மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கடைசியில் மாமனார்தான் ஒரு நாள், "ஏலே, அந்த ஈச்சம்பழச் சோறு இனி கெடையாதா?" என்று மகனிடம் கேட்டார். என் வீட்டுக்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டாற்றிலிருந்து பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். என்னை ஒன்றும் ஏவவில்லை. தானே வெங்காயம் உரித்தார். சமைத்து முடித்து, உருளியைத் தூக்கிவந்து கூடத்தில் நடுவில் வைத்தார். அதைச் சுற்றி இலை போட்டார். மாமனாருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இன்னொன்றையும் விரித்தார். "கொழந்தையத் தொட்டில்ல போட்டுட்டு வா" என்றார். விருந்துக்குப் பிறகு என்னிடம் நேரடியாக அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். மன்னிப்பு என்று ஒன்றும் இல்லை. நான் போய் உட்கார்ந்தேன். அவரவர் கையால் எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

அதன் பிறகு வெளிதேசச் சாப்பாடு என்றால் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. பாத்திரம் நடுவில், எல்லாரும் சுற்றி. இரணியல் சிநேகிதரும் மனைவியும் மாசத்துக்கு ஒரு தடவையாவது வருவார்கள். அவள் எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். பெரிய மாமனார் கடைசிவரை வரவில்லை.

ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். தமிழ்நாட்டோடு எங்கள் தாலுகாக்கள் சேர்ந்த சமயம், என் வீட்டுக்காரரின் கடைக்குச் சென்னையிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். அவர்களைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தார், அன்றைக்கு இரணியல் சிநேகிதரும் மனைவியும்கூட இருந்தார்கள். எல்லாரும் உருளியைச் சுற்றி உட்கார்ந்தோம், நானும் உட்கார்ந்தேன். வந்தவர்கள் கொஞ்சம் ஆச்சரியப்பட்டுப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க ஊருலயே மொதமொதல்ல பொம்பளையளக் கூடவச்சுச் சாப்பிட்டது எங்க வீட்டுலயாக்கும். இத்தாலியில பாத்துட்டு வந்து நான் செஞ்சேன். இவ கூச்சப்பட்டா, வரமாட்டேன்னா. நான்தான் கையப் பிடிச்சு உக்காரவச்சேன். சொந்தக்காரங்க எந்திரிச்சுப் போனாங்க. போனாப் போட்டும்னு இருந்தேன்" என்றார்.

வந்தவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை. சிநேகிதரின் மனைவி என் தொடையில் கிள்ளினாள். நான் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று அவர் முழுசாக நம்பியிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் என்றால் சண்டை போடலாம். இதற்கு என்ன செய்ய? பஸ்ராச் சோற்றைப் பிசைந்துகொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருந்தது அடக்கத்தினால் இல்லை. வாயைத் திறந்தால் விருந்தாளிகள் முன்னால் என்னென்ன வருமோ என்ற பயம்.

மற்ற நாட்களில் என்ன நடந்தது என்று என் மகள் பெரியவளான பிறகு கேட்டிருக்கிறாள். மற்ற நாட்களில் சோறும் தீயலும். அது நம் ஊர்ச் சாப்பாடு இல்லையா? அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் மிச்சம் இருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டு அடுக்களையில் நான் சாப்பிட்டேன்.